ஏரி வாரியமும் வழங்கிக் காவலும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்க் கல்வெட்டுகளைக் காண வருகிறவர்கள் பெரும்பாலும் குடவோலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. எங்களை அதிகம் ஈர்த்தது அவற்றில் வரும் ஏரி வாரியம். முப்பது குடும்புகளிலிருந்து குலுக்கலில் தேர்ந்தவர்களுள் அறுவர் 360 நாட்கள் ஏரிப் பொறுப்பை ஏற்க வேண்டும். ஏரி எல்லோருக்கும் பொது. ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் கடமை இன்னின்னாருடையது என்று பெயர் சொல்லி வகுத்திருந்தார்கள்.

எங்கள் நண்பர் குழுவிடம் இருப்பது ஏரி அல்ல, ஒரு சிறிய வழங்கி. பழைய சிற்றிதழ்களை ஒளிவருடி அதில் சேமித்து வருகிறோம். சில இதழ்களின் தாள்கள் கரையானுக்குப் போய்விட்டன. படங்கள் மட்டுமே மிச்சம். உத்திரமேரூரில் நண்பர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் ஓடும் அந்த இயந்திரத்தைக் கண்காணிக்க நாகியோஸ் என்ற கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தோம். 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளிவந்து, 2002இல் பெயர் மாறியது அது.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எதற்கு மணி அடிப்பது என்பது. ஒருமுறை பதில் வராததற்கெல்லாம் ஆளை எழுப்பினால், மூன்றாம் நாள் எவரும் எழமாட்டார்கள். நாகியோஸ் முதல் தோல்வியைத் தற்காலிகம் என்றே கொள்ளும். நாம் குறித்த எண்ணிக்கை வரை மீண்டும் சோதித்த பின்பே உறுதியான பழுது என்று செய்தி அனுப்பும். வன்தட்டில் 80 விழுக்காடு நிறைந்தால் எச்சரிக்கை, 90 ஆனால் அபாயம் என்று வைத்தோம். இரவு நகலெடுப்பு முடிந்ததும் வர வேண்டிய செய்தி 26 மணி நேரமாகியும் வராவிட்டால், அந்த மௌனமும் ஒரு பழுதுதான்.

அடுத்த கேள்வி கடினமானது: காவலன் எங்கே இருப்பது? அதே வீட்டில் இருந்தால், மின்சாரமோ இணையமோ போகும்போது காவலனுக்கும் வாய் அடைத்துவிடும். வெளியிலிருக்கும் நமக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். ஆகவே காவல் மென்பொருளைச் சென்னையிலுள்ள வேறொரு கணினியில் நிறுவினோம். அதுவும் நாள்தோறும் காலையில் ‘இருக்கிறேன்’ என்று ஒரு வரி அனுப்பும். அந்த வரி வராத நாளில் காவலனைத் தேடிப் போக வேண்டியதுதான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்குரியவர் அல்லர் என்கிறது 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு. பொறுப்பும் அதைச் சரிபார்ப்பதும் ஒரே வீட்டுக்குள் முடங்கலாகாது என்ற எண்ணம் அதில் இருப்பதாக எங்களுக்குப் படுகிறது.

கடைசியாக, செய்தி யாருக்கு? எல்லோருக்கும் அனுப்பினால் ‘இன்னொருவர் பார்ப்பார்’ என்று எல்லோரும் தூங்குவோம். எனவே மாதம் ஒருவர், சீட்டுக் குலுக்கி. அவர் அரை மணிக்குள் ஏற்காவிட்டால் செய்தி அடுத்தவருக்குப் போகும்.

ஒரு ஐப்பசி இரவில் வன்தட்டில் பழுதான பகுதிகள் பெருகுவதாகக் குறுஞ்செய்தி வந்தது. முறைக்காரர் விடிவதற்குள் புதிய தட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றினார். பழைய தட்டு ஒரு வாரத்தில் செயலிழந்தது.

நகல் வந்து சேர்ந்ததா என்பதை இயந்திரம் சொல்லும். அதைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க, மாதந்தோறும் முறைக்காரர் நகலிலிருந்து ஓர் இதழைத் திறந்து, ஒரு கதையையாவது முழுதாக வாசிக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறோம். அந்த விதியை மட்டும் இதுவரை யாரும் சுமையாக நினைக்கவில்லை.