விதியா, வீண்பெருமையா?

ஏர்க்காட்டு மாணவர்க்கு ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தை நடத்தினேன். மடல் சேரவில்லை, காதலர் மாண்டனர். "விதி, ஐயா!" என்றது வகுப்பு.

விதியா? மடல் ஏந்திய துறவியைக் கொள்ளைநோய் அச்சத்தால் வீட்டினுள் அடைத்தனர்; காரணம் ஏட்டிலேயே இருக்கிறது! ஜூலியட்டுக்கு 14 வயதுகூட நிரம்பவில்லை. மணநாள் குறித்தவர் தந்தை. இதைக் கேட்டதும் மாணவியர் நிமிர்ந்தனர்.

சேலம் சங்கர் பிலிம்ஸ் 1937இல் எடுத்த 'அம்பிகாபதி'யிலும் காதலைக் கொன்றது குலப்பெருமையே. படக்கதை போகட்டும். மலைக்குக் கீழே, ஓமலூர் இளைஞர் ஒருவர் 2015இல் கொல்லப்பட்டார்; வேற்றுச் சாதிப் பெண்ணோடு பழகியதே அவர் செய்த 'குற்றம்'. 2022இல் மதுரை நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. கூண்டில் நின்றது விதியன்று!

"நாடகத்தில் அந்தத் தந்தையர்க்குத் தண்டனை உண்டா, ஐயா?" என்றாள் ஒரு மாணவி.

"இல்லையம்மா. பொற்சிலை வைப்பதாகச் சொல்லிக் கைகுலுக்கிக் கொண்டார்கள்."