ரிவால்வர் இல்ல பாப்பா, பிஸ்டல்!

ஜூன் 17 வந்தால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் வாஞ்சிநாதன் கட்டுரை கட்டாயம் உண்டு. இந்த முறை அது என் தலையில் விழுந்தது. காலை ஏழு மணிக்கு எழுத ஆரம்பித்து எட்டு மணிக்கு ஏற்றிவிட்டேன். 1911, மணியாச்சி ரயில் நிலையம், கொடைக்கானல் போகும் வழியில் போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்த கலெக்டர் ஆஷ், பக்கத்தில் அவர் மனைவி. ‘இடுப்பிலிருந்து ரிவால்வரை உருவிச் சுட்டார்’ என்று எழுதியபோது எனக்கே லேசாகப் புல்லரித்தது.

ஒன்பது மணிக்கு மாமாவிடமிருந்து போன்.

“ரிவால்வர் இல்ல பாப்பா, பிஸ்டல். பிரௌனிங். பெல்ஜியத்துல செஞ்சது.”

“ரெண்டும் ஒண்ணுதானே மாமா?”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இந்த வாரம் ஊருக்கு வர்றேல்ல, வா பேசுவோம்” என்று வைத்துவிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், திருமலை நாயக்கரின் வயிற்றுவலி தீர்ந்ததாகச் சொல்லும் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீடு. பக்கத்து ராஜபாளையத்தில் சிறப்புக் காவல் படையின் 11-வது பட்டாலியன் இருப்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அங்கேயும் வேறு சில ஊர்களிலும் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி சுட்டதைவிட துப்பாக்கியைத் துடைத்ததுதான் அதிகம் என்று அவரே சொல்வார். சினிமாவில் ஹீரோ சுட ஆரம்பித்தால் விரல்விட்டு எண்ணுவார். “பதினாலு, பதினஞ்சு... இவனுக்கு மட்டும் எந்தக் கடையில மேகசின் விக்குது?” அவரோடு உட்கார்ந்து ஒரு படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். அம்மாவும் வந்திருந்தார். கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் மாமா பென்ஷன் பேப்பர்களை ஒதுக்கிவிட்டு மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்தார்.

“ரிவால்வர்ல உருளை இருக்கும். ஆறு தோட்டான்னா ஆறு அறை. ஒவ்வொண்ணும் அது அது வீட்டுலயே உக்காந்திருக்கும், உருளைதான் சுத்தும். பிஸ்டல்ல அறை ஒண்ணே ஒண்ணுதான். தோட்டா கீழ இருந்து ஏறி, வளைஞ்சு, அதுக்குள்ள போயி உக்காரணும். ஒண்ணு வெளிய போனாத்தான் அடுத்தது உள்ள.”

ஸ்டேப்ளரைத் திறந்து காட்டினார். பின் வரிசையைப் பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளுகிறது. முன்னால் நிற்கும் பின் அடி வாங்கிக் காகிதத்தில் இறங்கியதும் அடுத்தது அந்த இடத்துக்கு வருகிறது. பிஸ்டலின் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினும் அப்படித்தான். கீழே ஸ்பிரிங், மேலே அடுக்கடுக்காகத் தோட்டாக்கள். சுட்டதும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் ஓடும். ஓடும்போதே காலிக்கூட்டைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே எறியும். ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும்போது, மேகசினின் உச்சியில் இருக்கும் தோட்டாவை உரசிக்கொண்டு போய்ச் சரிவில் ஏற்றி அறைக்குள் செருகும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

“இந்த ஸ்டேப்ளருக்கு நம்பர் 10 பின். பெரிய பின்னைப் போட்டா என்ன ஆகும்?”

“மாட்டிக்கும்.”

“ஒரு பின்னு லேசா வளைஞ்சிருந்தா?”

“அதுவும் மாட்டிக்கும்.”

“அவ்வளவுதான். தோட்டாவும் அதேதான்.”

அவ்வளவுதான் என்று சொன்னாரே தவிர, அடுத்த ஒரு மணி நேரம் அதைத்தான் பேசினார். போலீஸ்காரர்கள் கையில் பார்க்கும் 9 எம்.எம். பிஸ்டலின் தோட்டாக்கூடு 19 மில்லிமீட்டர் நீளம். குண்டையும் சேர்த்து முழு நீளம் அதிகபட்சம் 29.69 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை கணக்கு! நீளம் கூடினால் மேகசினுக்குள் இறங்காது, இல்லை அறைக்குள் முழுதாகப் போகாமல் நிற்கும். ரொம்பக் குறைந்தால், ஏறுகிற சரிவில் மூக்கை முட்டிக்கொண்டு குப்புற விழும். கூட்டின் வாய் ஓரம் கொஞ்சம் விரிந்திருந்தாலும் உள்ளே போகாது. இந்த ரகத் தோட்டா அறைக்குள் போய் நிற்பதே அந்த வாய் விளிம்பை ஆதாரமாக வைத்துத்தான். முழுதாக உட்காராவிட்டால் ஸ்லைடு மூடாது. ஸ்லைடு மூடாவிட்டால் விசையை அழுத்தினாலும் சுடக் கூடாது. துப்பாக்கியை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை சுட்ட கூட்டையே மறுபடி நிரப்பிச் சுடும் வழக்கம் அமெரிக்கா போன்ற நாடுகளில் உண்டாம். துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள் அதற்கென்றே கருவி வைத்துக்கொண்டு வீட்டில் செய்வார்களாம். அங்கேயும் முக்கால்வாசி வேலை அளவு பார்ப்பதுதான் என்றார் மாமா. சுட்ட கூடு நெருப்பிலும் அழுத்தத்திலும் விரிந்துவிடும். அதைப் பழைய அளவுக்கு அமுக்கிக் கொண்டுவராமல் நிரப்பினால் அறைக்குள் ஏறாது. நிரப்பி முடித்த தோட்டாவை, கழற்றி வைத்த குழலுக்குள் போட்டுப் பார்ப்பார்களாம். ‘டொக்’கென்று விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். நம் ஊரில் இதெல்லாம் விளையாட்டில்லை. 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். போலீசுக்கும் ராணுவத்துக்கும் தோட்டா அரசுத் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது. மருந்து செய்யும் ஆலை ஒன்று நம் நீலகிரி அருவங்காட்டிலேயே இருக்கிறது.

“சரி மாமா, வாஞ்சிக்கும் இதுக்கும் என்ன?”

“எல்லாரும் அவரு தைரியத்தைப் பேசுறாங்க. நான் அந்தத் தோட்டாவை நினைப்பேன்” என்றார். செங்கோட்டைக்காரர். புனலூரில் வனத்துறையில் வேலை. கையில் இருந்ததோ அந்தக் காலத்துக்குப் புத்தம்புது இயந்திரம். ஆஷைச் சுட்டுவிட்டு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது, ஏறக்குறைய என் வயது. முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் நடுவில் அந்த இயந்திரம் ஒரு தடவை சிக்கியிருந்தால் கதையே வேறு. “பெல்ஜியத்துல எவனோ ஒருத்தன் அளவு பார்த்து வெச்சிருக்கான். அவனுக்கு மணியாச்சி எங்க இருக்குன்னே தெரியாது.” கொடைக்கானலில் அப்பா அம்மாவுக்காகக் காத்திருந்த ஆஷின் பிள்ளைகளைப் பற்றியும் மாமாதான் சொன்னார். என் கட்டுரையில் அதுவும் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். நம் போலீசின் 9 எம்.எம். பிஸ்டல் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் தயாராவது. அதற்கு மூல வடிவம் ‘ஹை பவர்’ என்ற பிஸ்டல். ஜான் பிரௌனிங் தன் கடைசிக் காலத்தில் தொடங்கி, அவர் இறந்த பிறகு அதே பெல்ஜியத் தொழிற்சாலை முடித்துக்கொடுத்தது. “வாஞ்சி கையில இருந்ததோட பேரனைத்தான் நான் முப்பது வருஷம் துடைச்சேன்” என்று சிரித்தார்.

இதோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. போலீசில் எத்தனையோ வேலை இருக்க, ஏன் ஆயுதக் கிடங்கைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்.

“உங்க தாத்தா கையி உனக்கு ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. ஜின்னிங் பேக்டரியில் மெஷினில் மாட்டிப் போனது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ராஜபாளையத்தைச் சுற்றிப் பஞ்சாலைகளாக இருக்கும் ஊரில் அதை யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள்.

“மெஷின் இல்லத்தா. தோட்டா.”

1970-களின் தொடக்கம். செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில், மலை அடிவாரத்தில் தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலக்கடலை. ராத்திரியில் பன்றிகள் இறங்கி ஒரே நாளில் பாதிக் கொல்லையை உழுதுவிடும். காவலுக்கு உரிமத்தோடு ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி இருந்தது. துப்பாக்கி இருந்ததே தவிர தோட்டா வாங்கக் காசில்லை. அந்தக் காலத்துத் தோட்டாவின் கூடு, அடியில் பித்தளையும் மேலே தடித்த காகிதமுமாக இருக்கும். சுட்ட கூட்டைத் தூக்கி எறியாமல் தாத்தா எடுத்து வைப்பார். அதைத் தானே நிரப்பவும் செய்தார். எதை, எப்படி நிரப்பினார் என்று மாமா சொன்னார். நான் எழுதப் போவதில்லை. அது பட்டாசு மருந்து என்பது மட்டும் போதும். தோட்டாவில் இருக்கும் மருந்து குண்டைத் தள்ளிக்கொண்டே எரிய வேண்டியது. பட்டாசு மருந்து அப்படி இல்லை, ஒரே அடியாக வெடிக்க வேண்டியது.

ஐப்பசி கடைசி, அடைமழை. காகிதக் கூடு நமத்து உப்பிவிட்டது. மாமாவுக்குப் பதினொரு வயது. பரணில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே பன்றிகளின் சத்தம். தாத்தா தோட்டாவைப் போடுகிறார். முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. வெளியே எடுத்து, திருப்பிப் போட்டுப் பார்க்கிறார். போகவில்லை.

“அப்பா என்கிட்ட நீட்டினாரு. சட்டைப் பையில மெழுகுவத்தித் துண்டு வெச்சிருந்தேன். கூட்டைச் சுத்தி நல்லா தேய்ச்சுக் குடுத்தேன். அப்பவும் முழுசா எறங்கல. உள்ளங்கையால ஒரு தட்டு தட்டி, துப்பாக்கியை அழுத்தி மூடிட்டாரு.”

அதற்குப் பிறகு நடந்ததை மாமா இரண்டே வரியில் முடித்துக்கொண்டார். நானும் அப்படியே விடுகிறேன். குழலின் அடிப்பாகம் பிளந்துவிட்டது. அதைப் பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மருந்தின் வேகத்தால் பாதி, சரியாக உட்காராத கூட்டால் பாதி என்பது இத்தனை வருட வேலைக்குப் பிறகு மாமா போட்டு வைத்திருக்கும் கணக்கு. தாத்தா டார்ச் வெளிச்சத்திலேயே வேட்டியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, மகனிடம் சொன்ன முதல் வார்த்தை, “ஜின்னிங் பேக்டரின்னு சொல்லு.” போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். மெழுகு தேய்த்தது யார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மாமாவிடம் அதைச் சொல்லவில்லை.

“கிடங்குல சேர்ந்தப்ப ஒரு ஹவில்தார் சொன்னாரு. தோட்டா உள்ள போகலன்னா அதைச் சமாதானப்படுத்தாத, எடுத்துத் தனியா வையின்னு. நான் அன்னிக்கு ராத்திரி டூட்டியில தனியா உக்காந்து அழுதேன்.” அதன்பிறகு தன் கையைத் தாண்டிப்போன தோட்டாக்களில் லேசாக நசுங்கியது, பச்சை பூத்தது, மூக்கு உள்ளே அமுங்கியது எதையும் அவர் விட்டதில்லையாம். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்களாம், பொண்ணு பார்க்கிற மாதிரி பார்க்கிறான் என்று.

அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாழைப்பூ மடல்களைக் கூட்டி அள்ளிவிட்டு நிமிர்ந்தார். தாத்தா இறந்து பதினாறு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு அந்த ஐப்பசியில் ஆறு வயது.

“பட்டாசு மருந்துன்னியே, எந்தப் பட்டாசு?”

மாமா தரையைப் பார்த்தார்.

“கார்த்திகைக்கு வெடிக்கலாம்னு அரிசிப் பானைக்குப் பின்னால லட்சுமி வெடி ஒளிச்சு வெச்சிருந்தேன்” என்றார் அம்மா. “காணாமப் போச்சு. நீதான் எடுத்து வெடிச்சிருப்பேன்னு உன் கையைக் கடிச்சு வெச்சேன். நீ ஒண்ணும் சொல்லாம நின்னே.”

மாமா முழங்கைக்குக் கீழே ஒரு இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “தழும்பு போயிருச்சு” என்றார்.

இதை எழுதலாமா என்று கிளம்பும்போது கேட்டேன். “பேரு போடாத. மொதல்ல அந்த ரிவால்வரை மாத்து” என்றார். பஸ்ஸில் வரும்போதே போனில் மாற்றிவிட்டேன். கட்டுரையின் கடைசியில் கொடைக்கானல் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.