சிறைக்குள் ஒரு சனிக்கிழமை வகுப்பு

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 1990களின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் புடு சிறைச்சாலையின் நெடுஞ்சுவரைப் பேருந்துச் சன்னல் வழியே பலமுறை பார்த்திருக்கிறேன். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட சிறை அது. அதன் மதிலில் கைவண்ணமாய் நீண்டு விரிந்திருந்த இயற்கைக் காட்சி ஓவியம் அந்நாளில் பலரையும் கவர்ந்த ஒன்று. ஓவியத்தைக் கண்டு வியந்தேனே தவிர, சுவருக்கு அப்பால் இருந்த மனிதரைப் பற்றி ஒரு கணமும் எண்ணியதில்லை. 1996இல் அச்சிறை மூடப்பட்டது; 2010இல் மதிலும் இடிபடத் தொடங்கியது. இன்று அவ்விடத்தில் பேரங்காடி நிற்கிறது. வேறொரு சிறையின் வாயிலில், நாற்பதைக் கடந்த வயதில், அடையாள அட்டையைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்கப்போகிறேன் என்று அன்று யாரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2014ஆம் ஆண்டு எங்கள் திருச்சபையின் போதகர் சிறை ஊழியத்திற்கு ஆள் தேடினார். தமிழில் பாடவும் பேசவும் தெரிந்த ஒருவர் வேண்டுமென்றார். பள்ளி வேலையைக் காரணம் காட்டி இருமுறை தட்டிக் கழித்தேன். மூன்றாம் முறை அவர் ஒன்றும் சொல்லாமல் மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். பசித்தவனுக்கு உணவிடுவதோடும் நோயுற்றவனைக் காண்பதோடும் சிறைப்பட்டவனைச் சென்று பார்ப்பதையும் ஒரே வரிசையில் இயேசு பெருமான் வைத்துப் பேசும் பகுதி அது. அதற்கு மேல் மறுக்க வழியில்லாமல் போனது. ஆர்வத்தால் போனேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். நாட்டின் சட்டத்திற்கிணங்க எங்கள் பணி முஸ்லிம் அல்லாத கைதிகளோடு நின்றுவிடும். வந்து அமர்வோரில் பாதிப்பேர் இந்துக்கள். கீர்த்தனைகளைக் கேட்கவும், தமிழில் நாலு வார்த்தை பேசவும், அறையைவிட்டுச் சற்று நேரம் வெளியே இருக்கவும் வருவார்கள். அவர்களை நான் எதற்கும் வற்புறுத்தியதில்லை. எத்தனைபேர் மனம் மாறினர் என்று தலை எண்ணிக் கணக்கெழுதும் ஊழியர்களோடு எனக்கு இன்றுவரை ஒத்துப்போனதில்லை. மனம் மாறுவது வருகைப் பதிவேட்டில் குறிக்கும் காரியமன்று.

முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே பிரசங்கம் செய்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜான் பனியன் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு அடைபட்டிருந்ததையும், 1678இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பயண நூலைத் தழுவியே நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காவியத்தை இயற்றினார் என்பதையும் ஒருநாள் உருக்கமாக எடுத்துரைத்தேன். சிறைச்சுவருக்குள் பிறந்த சிந்தனை கடல் கடந்து தமிழ்க் காப்பியமாயிற்று என்று முடித்தபோது எனக்கே பெருமிதமாக இருந்தது. பின்னர் அனைவரையும் வேதாகமத்தைத் திறக்கச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஓர் இளைஞன் மட்டும் பக்கத்திலிருப்பவன் எப்போது தாளைப் புரட்டுகிறான் என்று பார்த்துப் பார்த்துத் தானும் புரட்டினான். இருபத்தைந்து ஆண்டு ஆசிரியராக இருந்தவனுக்கு அந்தப் பார்வை தெரியாதா? எழுத்தறியாத பிள்ளையின் பார்வை அது.

ஜெபம் முடிந்து எழுந்தபோது அவனே என்னிடம் வந்தான்.

"சார், என்னைத் தெரியுதா? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில நான்தான் கரும்பலகை அழிப்பேன். உங்களுக்குத் தேத்தண்ணி வாங்கியாருவேன்."

தெரிந்தது. 1998இல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் என் மாணவன். வீட்டில் தகப்பன் இல்லை. தாய் பால்மரக் காட்டுக்குப் போனாள். வாசிக்கச் சொன்னால் விழிப்பான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவனை அந்த அவமானத்திலிருந்து காப்பதாக எண்ணி, வாசிப்பு நேரத்தில் அவனை அழைப்பதையே விட்டுவிட்டேன். கரும்பலகை துடைக்கவும், அலுவலகத்திற்குத் தாள் கொண்டுபோகவும், தேநீர் வாங்கி வரவும் அவனை வைத்துக்கொண்டேன். நல்ல பிள்ளை, உதவும் குணமுள்ளவன் என்று மதிப்பீட்டு அட்டையிலும் எழுதினேன். நம் தொடக்கப் பள்ளிகளில் தேறாத பிள்ளையும் ஆண்டு முடிந்தால் அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறான். அவனும் போனான். ஆறாண்டு முடித்து, இடைநிலைப்பள்ளியில் புதுமுக வகுப்பைத் தாண்டாமல் நின்றுவிட்டான். பிறகு ஒரு கும்பல், ஒரு சண்டை, ஒரு வழக்கு. அந்தக் கதை நம்மில் எவருக்கும் புதிதன்று.

அவன் கேட்டது மிகச் சிறிய உதவி. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க சார்." என்னால் இயலாது என்றேன். உள்ளே செல்வோர் செய்தி சுமக்கக்கூடாது என்பது முதல் நாளே எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி. அதை மீறினால் அடுத்த சனிக்கிழமை எவருக்கும் கதவு திறக்காது. கடிதம் எழுதிக் கொடு, அதிகாரிகள் பார்த்து அனுப்பிவிடுவார்கள் என்றேன்.

"எழுதத் தெரிஞ்சா உங்களை ஏன் சார் கேக்கிறேன்? கூட இருக்கிறவன் எழுதித் தருவான். ஆனா இது அம்மாவுக்கும் எனக்கும் உள்ள பேச்சு. அவன் வாயில போகவேணாம்." சற்று நின்று, தாழ்ந்த குரலில் சொன்னான்: "எல்லா வாத்தியாரும் அடிச்சாங்க. நீங்க அடிச்சதில்ல. ஆனா ஒரு நாளும் என்னைப் படிக்கச் சொன்னதில்லையே, ஏன் சார்?"

குற்றஞ்சாட்டும் தொனியே அதில் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் காவலர் நேரமாயிற்று என்றார். அவருக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

கிறிஸ்தவப் பிள்ளைகள் போகும் ஞாயிற்றுப் பள்ளி எப்படித் தோன்றியது என்பதை அந்த வாரம் முழுதும் எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்துப் பத்திரிகையாளர் ராபர்ட் ரெய்க்ஸ் பல்லாண்டு சிறைக்குப் போய்க் கைதிகளுக்கு உதவி வந்தவர். சிறைக்கு வந்தபின் திருத்துவதைவிட வருமுன் காப்பதே மேல் என்று கண்டு, 1780இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. அன்றைய பாடம் எழுத்துக் கூட்டி வாசிப்பதுதான். வாசிக்கக் கற்றால்தானே வேதத்தை வாசிக்க முடியும்! அவர் சிறையிலிருந்து புறப்பட்டுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். நான் பள்ளியில் விட்டதைத் தேடிச் சிறைக்கு வந்திருந்தேன்.

போதகரிடம் பேசினேன், அவர் சிறை அதிகாரியிடம் பேசினார். இரண்டு மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. பிரசங்கம் இருபது நிமிடமாகச் சுருங்கியது. எஞ்சிய நேரம் எழுத்து வகுப்பு. சேர்ந்தவர் ஏழுபேர், அவர்களில் மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பென்சில்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒருவரும் எழ முடியாது. அகரத்திலிருந்து தொடங்காமல், கோடு கிழிக்க எளிதான ட, ப, ம என்னும் எழுத்துகளில் தொடங்கினேன். முதல் நாளே 'படம்' என்றும் 'பட்டம்' என்றும் எழுதிவிட்டார்கள். வளர்ந்த ஆண்கள் நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்தபோது, மூன்றாம் ஆண்டு வகுப்பிலேயே இருப்பதுபோல் இருந்தது. உயிர்மெய்க் குறிகள் வந்தபோது இருவர் நின்றுவிட்டனர். அவர்களைத் திரும்ப வரவழைக்க என்னால் முடியவில்லை. ணகர னகர வேறுபாட்டைப் பொறுமையிழந்து ஒருநாள் கடிந்தும் பேசினேன். இந்த வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

என் மாணவனை ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் வாசிக்கச் சொன்னேன். தடுமாறுவான், காத்திருப்பேன். அவன் கேள்விக்கு நான் வாயால் விடை சொல்லவே இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பதினொரு மாதம் ஆயிற்று. ஒருநாள் அரைப் பக்கக் கடிதத்தைக் காட்டினான். படிக்கட்டுமா என்றேன், தலையசைத்து மடித்துக்கொண்டான். நியாயந்தான். அதிகாரியின் கண்ணுக்கும் தாயின் காதுக்கும் உரியது, எனக்குரியதன்று. அது போய்ச் சேர்ந்த செய்தியை இரண்டு மாதம் கழித்து, தாய் பார்க்க வந்துபோன பிறகு, அவனே சொன்னான். தாய்க்கும் எழுத்து தெரியாது. அண்டை வீட்டில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் சிறுமியை அழைத்து வாசிக்கச் சொன்னாளாம். வாசித்த சிறுமி, இதில் நிறைய எழுத்துப் பிழை இருக்கிறது என்று பென்சிலை எடுத்தாளாம். "திருத்தாத, அப்படியே குடு" என்று தாய் அதைப் பிடுங்கிக்கொண்டாளாம். இதைச் சொல்லிச் சிரித்தான். பிழை எங்கே என்று என்னைக் கேட்கவும் செய்தான். தாள் எதிரே இல்லாமல் எப்படிச் சொல்வது? நினைவிலிருந்து மறுபடி எழுதிக் காட்டு என்றேன், மாட்டேன் என்றான்.

நன்னடத்தைக்கு உரிய தண்டனைக் குறைப்போடு 2018இல் அவன் வெளியே போனான். கோவிலுக்குப் போகிறானா, சபைக்குப் போகிறானா என்பதை நான் விசாரிக்கவில்லை. 2020இல் பெருந்தொற்றால் எங்கள் வருகை நின்று, நெடுநாள் கழித்தே மீண்டும் தொடங்கியது. இப்போது வகுப்பில் ஐவர் இருக்கின்றனர். என் பள்ளியில் வாரம் ஒருமுறை இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைந்து, கரும்பலகை துடைக்கும் பிள்ளை யார் என்று கேட்டு, அவனை என் பக்கத்தில் அமர்த்தி வாசிக்கச் சொல்கிறேன். வகுப்பாசிரியைக்கு இது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.