சேற்றில் நிற்கும் சொத்து

மான்குர்த்திலிருந்து வாஷி செல்லும் ஹார்பர் லைன் ரயில் வேகமெடுத்ததும் கட்டடங்கள் பின்தங்குகின்றன. தாணே கழிமுகத்தின் சேறு, அதில் அடர்ந்த பச்சை. பெரும்பாலும் அலையாத்தி மரங்கள். பென்சில்களைக் குத்திவைத்தது போல சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள்தான் வண்டலைப் பிடித்து, அலையின் வேகத்தைக் குறைத்து, இறாலுக்கும் நண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. டிராம்பே கோலி மீனவர்களின் வலைக்கு இதுதான் வங்கி.

இந்தக் காட்டை அழிக்க கோடரி தேவையில்லை. லாரி லாரியாக இடிபாடுகளைக் கொட்டி கடல்நீர் வரும் வழியை அடைத்தால் போதும். மரம் தானாகவே பட்டுப்போகும். பிறகு அது 'காலி மனை'.

குடிசைவாசிகளைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் 1976இல் ஜனதா காலனியிலிருந்து வெளியேற்றிய மக்களை, தமிழர்கள் உட்பட, பக்கத்துச் சதுப்பான சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து விட்டது அரசுதான். மான்குர்த்தின் மண்டாலா குடிசைகள் 2004-05இல் இடிக்கப்பட்டன. போக்கிடம் இல்லாதவர்கள் மறுபடி அங்கேயே கூரை போட்டார்கள்.

வடக்கே சில கிலோமீட்டரில் விக்ரோலியில் வேறு கதை. அங்குள்ள கழிமுகக் காட்டின் பெரும்பகுதி கோத்ரெஜ் நிறுவனத்தின் சொத்து. 1940களில் வாங்கிய நிலம். தனியார் வேலிதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது என்றால் சுற்றுச்சூழல்வாதிகளில் சிலருக்குப் பிடிக்காது, ஆனால் உண்மை.

அதே நிறுவனத்தின் வேறொரு நிலம்தான் நீதிமன்றம் ஏறியது. 1975ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டம் தனியார் காடுகளை அரசுடைமையாக்கியது. ஆனால் ஆவணங்களில் திருத்தம் செய்ய அரசு சுமார் 30 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது! அதற்குள் முலுண்டிலும் விக்ரோலியிலும் மாநகராட்சி அனுமதியுடன் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. கடன் வாங்கி ஃப்ளாட் வாங்கியவர்கள், தாங்கள் 'காட்டில்' குடியிருப்பதைத் திடீரென அறிந்து திகைத்தார்கள். 2008இல் உயர்நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 1950களின் நோட்டீஸ் ஒன்றை மட்டும் வைத்து நிலத்தைக் காடு என்று சொல்ல முடியாது என 2014 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. குடியிருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

கழிமுகக் காட்டுக்கு இப்போது கைகொடுப்பது 2005 அக்டோபரில் மும்பை உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு. நிலம் யாருடையதானாலும் அலையாத்தியை வெட்டக்கூடாது. அதைச் சுற்றி 50 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது. 2018இல் அந்தத் தடை மேலும் இறுகியது. மான்குர்த்தில் சிக்கல் வேறு: இடிபாடு கொட்டி மரம் பட்டுப்போன இடத்தில் அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பது? பழைய செயற்கைக்கோள் படங்களைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.