கியரும் ஏரிக்கரை இறக்கமும்

லீவுக்கு வந்த பெரியவன் ஸ்டியரிங், மூணு பெடல், கியர் ராடு எல்லாத்தையும் மேசையில மாட்டி கம்ப்யூட்டர்ல கார் ரேஸ் ஓட்டுறான். "நீங்களும் ஓட்டுங்கப்பா"ன்னான். முப்பது வருஷமா டிராக்டர் ஓட்டுறவன், விடுவேனா?

முதல்ல ஃபார்முலா வண்டி. ஸ்டியரிங் பின்னாடி ரெண்டு பட்டை. வலது இழுத்தா கியர் ஏறும், இடது இழுத்தா இறங்கும். ஓடும்போது கிளட்சே வேண்டாம். இதுல என்ன இருக்கு?

அடுத்து பழைய காலத்து ரேஸ் கார். வளைவுக்கு முன்னாடி மூணுலேருந்து ரெண்டுக்குத் தள்ளி கிளட்சை விட்டேன், பின்சக்கரம் இழுத்து வண்டி சுத்திடுச்சு. "கிளட்ச் மிதிச்சு நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ஆக்சிலேட்டர், திரும்ப மிதிச்சு கீழ் கியர். இன்ஜின் வேகம் சக்கரத்தோட ஒத்துப்போகணும்ப்பா." அட, இது அந்தக் கால லாரிக்காரங்க போட்ட டபுள் கிளட்ச்!

மறுநாள் கரும்பு லோடு. அவன்தான் ஓட்டினான், நான் மட்கார்டுல (உட்காரக் கூடாதுதான்). ஏரிக்கரை இறக்கம் பாதியில கியரைக் குறைக்க கிளட்சை மிதிச்சுட்டான். பின்னாடி டிரெய்லர் தள்ள ஆரம்பிச்சுது.

"காலை எடுறா!"

எடுத்தான். இன்ஜின் உறுமிக்கிட்டே பிடிச்சுது. நம்ம பழைய வண்டியில நிறுத்தித்தான் கியர் மாத்தணும். இறக்கத்துக்கு மேலயே சின்ன கியர் போட்டு இறங்கணும். இதே இடத்துல நியூட்ரல்ல விட்டு ஒரு லோடு கரும்பை வாய்க்கால்ல கவுத்தவன் நான். அதை அவன்கிட்ட அன்னிக்குத்தான் சொன்னேன்.

"கேம்ல பின்னாடி லோடு இல்லையேப்பா"ன்னான், கை நடுக்கம் நிக்காம.