குழியில் ஊறும் மழை

வெள்ளம் என்றதும் எல்லோரும் 2015 டிசம்பரையும் செம்பரம்பாக்கம் ஏரியையும் சொல்வார்கள். காஞ்சிபுரத்து நெசவாளி வீட்டுக்கு வெள்ளம் வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்றில்லை. குழித்தறியில் மிதிகள் தரைக்குக் கீழே, குழிக்குள் இருக்கும். நாலு நாள் விடாமல் அடித்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறிவிடும். தெரு காய்ந்திருக்கும், தறி நின்றிருக்கும்.

ஐப்பசி பிறந்ததும் அப்பா உத்தரத்தில் கயிறு கட்டிவிடுவார். "மொதல்ல பாவச் சுருட்டி மேல ஏத்து, அப்புறம் அரிசியப் பாரு" என்பார். பாவு, ஜரிகை, ரேஷன் கார்டு, அதற்குப் பிறகுதான் பாத்திரம் பண்டம். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுத்தவை. நனைந்தால் அது நம் கடன். கூலியோ சேலை அறுத்தால்தான்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வருடக்கணக்கில் வெறும் மணலாகப் பார்த்த ஆறு என்பதால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அப்பா போகவில்லை. காலையும் மாலையும் குழியிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். இறைத்த பிறகும் மண் காயவேண்டும், ஈரக்காற்று போகவேண்டும், பாவைத் தெருவில் நீட்ட வெயில் வரவேண்டும். மழை விட்டாலும் தறிக்கு மழை விடுவதில்லை.

சேதம் கணக்கெடுக்க வந்தவர் கேட்டார்: "செவுரு விழுந்துச்சா? கூரை போச்சா?"

"இருபத்திரண்டு நாளு தறி ஓடலைங்க" என்றார் அப்பா.

அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். அதை எழுத அதில் கட்டம் இல்லை.