ரத்தமும் ஜாப் காஸ்டிங்கும்

“அவன் ரத்தத்தை எடுத்து அவனுக்கே திருப்பி ஏத்தறதுக்கு எதுக்குப்பா நாப்பது லட்சம்?”

கேட்டது, என்னோடு பி.காம். படித்த நண்பனின் அம்மா. அவருடைய இளைய மகனுக்கு லிம்ஃபோமா. நிணநீர் மண்டலத்தைப் பிடிக்கிற புற்றுநோய். கீமோதெரபி கொடுத்தார்கள், போனது. திரும்பி வந்தது. வேறு மருந்து கொடுத்தார்கள், மறுபடி போய் மறுபடி வந்தது. கடைசியில் டாக்டர், ‘கார்-டி’ என்று ஒன்று இருக்கிறது என்றிருக்கிறார். மூத்தவன் ஆடிட்டர். “நீ பத்திரிகைக்காரன்தானே, விசாரிச்சுச் சொல்லுடா” என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான்.

பேலன்ஸ் ஷீட் படித்தவன் பயாலஜி படிக்க ஆரம்பித்தேன். தெரிந்த டாக்டர்களை நச்சரித்தேன். புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

நம் ரத்தத்தில் டி-செல் என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது. ராத்திரி பகலாக ரோந்து போகிற போலீஸ். வைரஸ் புகுந்த செல்லைக் கண்டால் அங்கேயே கதையை முடித்துவிடும். ஆனால் புற்றுநோய் செல் வெளியூர்த் திருடன் இல்லை. நம் வீட்டிலேயே பிறந்து கெட்டுப்போன பிள்ளை. முகஜாடை அப்படியே இருக்கும். அதனால் போலீஸ் பல சமயம் சல்யூட் அடித்து அனுப்பிவிடுகிறது.

சரி, டி-செல்லுக்குப் புதுசாக ஒரு கண் வைத்தால்? அதாவது, குறிப்பிட்ட அடையாளத்தை மட்டும் பார்த்தவுடன் கப்பென்று பிடிக்கிற ஆன்டிபாடியின் நுனியை வெளியே ஒட்டவைத்து, உள்ளே ‘சுடு’ என்று கட்டளை கொடுக்கும் டி-செல்லின் ஸ்விட்ச்சோடு அதை இணைத்தால்? இயற்கையில் ஒன்றாக இல்லாத இரண்டைச் சேர்த்த இந்த ஒட்டுக்குத்தான் ‘சைமெரிக் ஆன்டிஜென் ரிசெப்டர்’ என்று பெயர். சுருக்கமாக, கார். சைமெரா என்பது கிரேக்கப் புராணத்து மிருகம். சிங்கத் தலை, ஆட்டு உடம்பு, பாம்பு வால். அவ்வளவு தூரம் போவானேன்? மதுரையில் மண்டபத் தூண்களில் சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக யாளி நிற்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். போதும்.

இந்த யாளியை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் செதுக்கியவர்களில் முக்கியமானவர்கள் இஸ்ரேலின் வைஸ்மன் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஸெலிக் எஷாரும் கிடியன் கிராஸும். வருஷம் 1989. அது ஒழுங்காக ஒரு மனுஷனைக் காப்பாற்ற இன்னும் 21 வருஷம் ஆனது.

அந்த 21 வருஷக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது விஞ்ஞானத்தைவிடப் பணம்தான். படித்த படிப்பு அப்படி. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் என்று ஒரு டாக்டர். அவர் மனைவி 2001-ல் கர்ப்பப்பையை ஒட்டிய சினைப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். மனுஷர் விடாமல் இதே ஆராய்ச்சியில் கிடந்தார். அரசாங்க நிதிக்கு விண்ணப்பித்தால் கையை விரித்துவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு மருமகளைப் பறிகொடுத்த நெட்டர் என்ற தம்பதி ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார்கள். அங்கிருந்து 10 லட்சம் டாலர் வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் 2010-ல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

முதல் நோயாளி, பில் லுட்விக் என்ற ஓய்வுபெற்ற சிறை அதிகாரி. பயங்கரக் காய்ச்சல் வந்து படுத்தார். பிழைப்பாரா என்றே சந்தேகமாக இருந்தவர், சில வாரங்களில் ரத்தப் புற்றுநோய் இல்லாமல் எழுந்து உட்கார்ந்தார். பத்து வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்து, 2021-ல் கொரோனாவில் காலமானார்.

2012-ல் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயசுச் சிறுமி. பிலடெல்பியா குழந்தைகள் ஆஸ்பத்திரி. அவளுக்கும் அதே காய்ச்சல். வென்டிலேட்டர் வரை போய்விட்டது. புது டி-செல்கள் கும்பலாகத் தாக்கும்போது ரத்தத்தில் வெள்ளமாகக் கொட்டுகிற ரசாயனங்கள் செய்கிற வேலை இது. அவற்றில் ஒன்று எக்கச்சக்கமாக ஏறியிருப்பது டெஸ்ட்டில் தெரிந்தது. அதை அடக்க மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற ஒரு மருந்து உண்டு என்பது ஜூனுக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள்? அவருடைய மகளுக்கே மூட்டுவாதம்! கொடுத்துப் பார்த்தார்கள். மளமளவென்று இறங்கியது. தன் ஏழாவது பிறந்தநாளன்று எமிலி கண் விழித்தாள். அந்த ஒரு குழந்தை இறந்திருந்தால் இந்த ஆராய்ச்சி அதோடு மூட்டை கட்டியிருக்கும் என்று பலர் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு சூட்கேஸோடு கம்பெனிகள் வந்தன. 2017 ஆகஸ்ட்டில் நோவார்ட்டிஸின் ‘கிம்ரியா’வுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. விலை 4,75,000 டாலர். அன்றைய மதிப்பில் நம் ரூபாய்க்கு மூன்று கோடி. அதே வாரம் கிலியட் என்ற கம்பெனி, கைட் என்ற இன்னொரு கம்பெனியை 11.9 பில்லியன் டாலருக்கு வாங்கியது. கைட்டிடம் அப்போது கடையில் வைத்து விற்க ஒரு மருந்துகூட இல்லை. அனுமதிக்காகக் காத்திருந்த ஒரு கார்-டி மட்டும் இருந்தது. நல்லெண்ணம், அதாவது ‘குட்வில்’, என்று அக்கவுண்டன்ஸி வாத்தியார் சொல்லிக் கொடுத்ததற்கு இவ்வளவு பெரிய உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். சொந்த ரத்தம். மூலப்பொருள் செலவு பூஜ்யம். பிறகு ஏன் லட்சங்கள்?

காஸ்ட் அக்கவுண்டிங்கில் பேட்ச் காஸ்டிங், ஜாப் காஸ்டிங் என்று இரண்டு பாடம் உண்டு. காய்ச்சல் மாத்திரை பேட்ச் காஸ்டிங். ஒரே ஈட்டில் லட்சக்கணக்கில் செய்வார்கள். தரப் பரிசோதனைக்கு ஆகிற செலவை அத்தனை மாத்திரைக்கும் பங்கு போட்டால் ஒன்றுக்குப் பைசாக்கணக்கில்தான் வரும். ஜாப் காஸ்டிங் என்பது டெய்லர் கடை. உங்கள் தோளுக்கு, உங்கள் கைக்கு அளவெடுத்து ஒரே ஒரு சட்டை. அது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தாது.

கார்-டி சுத்தமான டெய்லர் கடை. நோயாளியின் ரத்தத்தை ஒரு மெஷின் வழியாகச் சில மணி நேரம் ஓடவிட்டு வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். எய்ட்ஸ் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸை, பல்லைப் பிடுங்கி, புது மரபணுவைச் சுமக்கிற கூலியாளாக அனுப்புகிறார்கள். அது டி-செல்லுக்குள் போய் மூட்டையை இறக்கிவிடுகிறது. பிறகு அந்தச் செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, கிருமி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று ஏகப்பட்ட பரிசோதனை செய்து, உறையவைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். சுத்த அறை, நிபுணர்கள், பரிசோதனைகள், அத்தனை செலவும் ஒரே ஒரு பைக்காக. அந்தப் பை தேறவில்லை என்றால் பங்கு போட்டுக்கொள்ள வேறு பை கிடையாது. வாரக்கணக்கில் ஆகிற இந்த வேலை முடியும் வரை நோய் சும்மா இருப்பதும் இல்லை.

அந்த அம்மாவிடம் டெய்லர் கடையைத்தான் சொன்னேன். “அப்ப தையக்கூலிதான் நாப்பது லட்சமா?” என்றார். ஏறக்குறைய சரி.

ஆனால் தையற்கூலி எவ்வளவு என்பது கடையைப் பொறுத்தது இல்லையா? இங்கேதான் மும்பை வருகிறது. ஐ.ஐ.டி. பம்பாயில் ராகுல் புர்வார் என்ற பேராசிரியரும் அவரது மாணவர்களும், டாடா மெமோரியலின் டாக்டர்களோடு சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்காமல் தாங்களே இந்த கார்-ஐ வடிவமைத்தார்கள். செலவில் பெரிய பங்கு அந்தக் கூலி வைரஸுக்கு. அதையும் இங்கேயே தயாரித்தார்கள். 2021-ல் முதல் நோயாளி. 2023 அக்டோபரில் ‘நெக்ஸ்கார்19’க்கு மத்திய அரசின் அனுமதி. 2024 ஏப்ரலில் ஜனாதிபதி திரௌபதி முர்மு அறிமுகப்படுத்தினார். விலை சுமார் 40 லட்சம். அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. 2025-ல் பெங்களூரு இம்யூனீல் கம்பெனியும் ஸ்பெயினிலிருந்து உரிமம் வாங்கிய ஒன்றோடு களத்தில் இறங்கியது.

மூன்று கோடி என்பது இயற்கை விதி இல்லை என்று இதிலேயே தெரிந்துபோயிற்று. ஆனால் 40 லட்சமும் யாருக்கு எட்டும்? ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் வரம்பு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம். என் நண்பன் குடும்பத்துக்கு எட்டியது, அவர்கள் அப்பா 1994-ல் வாங்கிப் போட்ட ஒரு மனை இருந்ததால். அதை அவசரத்தில் விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில், “ஆன்டிபாடி ஊசி என்றால் பாலிசியில் இருக்கிறது, இது செல் ஆயிற்றே” என்று கடிதம் போட்டது. ஆடிட்டரிடமா? ஒவ்வொரு ஷரத்தாகப் பிரித்து மூன்று பதில் கடிதம் எழுதி, ஒரு பகுதியை வாங்கிவிட்டான். எல்லாருக்கும் வீட்டில் ஒரு ஆடிட்டர் இருப்பதில்லை.

மரபணு சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய கவுன்சில் முடிவு செய்தது. நல்ல காரியம். சொந்த ரத்தம் சொந்த உடம்புக்குத் திரும்புவது சரக்கா, சேவையா என்று யாராவது கோர்ட்டுக்குப் போகாமல் இருந்தால் சரி.

வாட்ஸ்அப்பில் ‘ஒரே ஊசியில் கேன்சர் காலி’ என்று வருகிறதே, அதை நம்பிவிடாதீர்கள். நெக்ஸ்கார்19 அனுமதிக்கப்பட்டிருப்பது பி-செல் வகை ரத்தப் புற்றுநோய், லிம்ஃபோமா இரண்டுக்கும், அதுவும் மற்ற சிகிச்சைகளுக்கு அடங்காமல் திரும்பி வந்தவர்களுக்கு, 15 வயசுக்கு மேல். மார்பகம், நுரையீரல், வயிறு என்று கட்டியாக வரும் புற்றுநோய்களில் கார்-டி இன்னும் திணறுகிறது. கட்டிக்குள் நுழைவதே கஷ்டம். நல்ல செல்லில் இல்லாத அடையாளமும் அங்கே சுலபத்தில் அகப்படுவதில்லை. ரத்தத்தில்கூட நல்ல பி-செல்களும் சேர்ந்துதான் சாகின்றன. அபூர்வமாக, இந்த சிகிச்சைக்குப் பிறகு புதிதாக ஒரு புற்றுநோய் வரலாம் என்று 2024-ல் அமெரிக்க அரசு மருந்து லேபிளிலேயே எச்சரிக்கை சேர்க்கவைத்தது. நெக்ஸ்கார்19 பற்றி ‘லான்செட் ஹெமட்டாலஜி’யில் 2025-ல் வந்த கட்டுரைப்படி, 73 சதவீதம் பேருக்கு நோய் கட்டுப்பட்டது. கட்டுப்பட்டது என்றால் குணமானது என்று அர்த்தம் இல்லை. மிச்சம் 27?

நண்பன் அங்கேதான் பேனாவை வைத்தான். 2017-ல் நோவார்ட்டிஸ், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் விஷயத்தில், ஒரு மாதத்துக்குள் பலன் தெரிந்தால்தான் பணம் என்று அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு சொன்னது. “இதல்லவா பிசினஸ்” என்றான். அவன் சேர்த்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பதற்கு முன்பே முழுத் தொகையும் கட்ட வேண்டியிருந்தது.

பை ஏறியதென்னவோ அரை மணிக்குள். அதற்கப்புறம்தான் பரீட்சை. இந்த சிகிச்சையில் மூளையும் சில நாள் குழம்பலாம் என்பதால் தினமும் நோயாளியிடம் கேள்வி கேட்கிறார்கள். இன்றைக்கு என்ன வருஷம்? இது என்ன, பேனாவா? நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லுங்கள். கடைசியாக, ஒரு வாக்கியம் எழுதுங்கள். எது வேண்டுமானாலும். கையெழுத்து கோணினால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள்.

தம்பி பாலிடெக்னிக் லெக்சரர். முத்து முத்தான கையெழுத்து. அந்தத் தாள்களை நண்பன் ஜெராக்ஸ் எடுத்து ஃபைல் போட்டிருக்கிறான், காட்டினான். முதல் நாள்: ‘இட்லி நன்றாக இல்லை.’ இரண்டாம் நாள்: ‘அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்ல வேண்டாம்.’ நாலாம் நாள் எழுத்து மலை இறங்குகிற மாதிரி சரிகிறது. ஐந்தாம் நாள் வெறும் கிறுக்கல். ஒரு ‘அ’ மட்டும் புரிகிறது. ஸ்டீராய்டு போட்டார்கள். ஆறாம் நாள் தாளே இல்லை. ஏழாம் நாள் எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி இரண்டு வார்த்தை. ஒன்பதாம் நாள், அதே முத்து முத்தான எழுத்தில்: ‘சட்னியும் நன்றாக இல்லை.’

ஆறாம் மாத ஸ்கேன் சுத்தமாக வந்திருக்கிறது. தம்பி வேலைக்குப் போகிறான். தொற்று பயத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு பாடம் நடத்துகிறானாம். அடுத்த ஸ்கேன் மாசியில். அதற்கான தொகை, நண்பனின் எக்ஸெல் ஷீட்டில் கடைசி வரியில் இருக்கிறது. அதற்குக் கீழே கூட்டல் கோடு போடவில்லை.